யாருடைய அதிகாரத்தால் எழுந்து நடந்தான்?

ஊமைப் பிள்ளை வாய் திறந்து பேசிய கதை ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. 17ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரிக்கும் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை ஒரு சொல்லும் பேசவில்லை. பெற்றோர் குழந்தையைத் திருச்செந்தூருக்குத் தூக்கிப்போய்ச் சந்நிதியிலே கிடந்து விரதமிருந்தார்கள். முருகனருளால் பேச்சு வந்தது; வந்ததும் கந்தர் கலிவெண்பா பிறந்தது என்பது இங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. தாமிரபரணி ஆற்றைக் கடந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் ஆழ்வார்திருநகரி. அங்கே உறங்காப்புளியின் அடியில் 16 ஆண்டுகள் மௌனமாக இருந்த நம்மாழ்வார், மதுரகவி வந்து கேள்வி கேட்ட பிறகே வாய் திறந்தார் என்பார்கள். ஆற்றோடு இன்னும் கீழே போனால் கடல். கழிமுகத்துக்குத் தெற்கே காயல்பட்டினம். அங்கே தொழுகைக்குப் போகிறவர்களும் ஈசா நபி பிறவிக் குருடரையும் தொழுநோயாளரையும் குணமாக்கினார் என்று நம்புகிறார்கள். குர்ஆனின் மூன்றாம் அத்தியாயம் அதைச் சொல்கிறது. அல்லாஹ்வின் அனுமதியால் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது.

ஆகவே இயேசு நோயாளிகளைக் குணமாக்கினார், அதனால் அவர் கடவுள் என்று ஒருவர் இந்தத் தாமிரபரணிக் கரையில் நின்று சொன்னால், கேட்கிறவர் மறுக்கவும் வேண்டாம், வியக்கவும் வேண்டாம். எங்களிடமும் உண்டு என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்தப் பதில் நியாயமானது. சுவிசேஷங்களின் குணமாக்கல் கதைகளைப் படிக்கும்போது இந்தப் பதிலை முன்னால் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அற்புதம் நடந்ததா என்பதைவிட ஆழமான கேள்வி ஒன்று அந்தக் கதைகளுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கேட்டவர்கள் இயேசுவின் எதிரிகள். எந்த அதிகாரத்தால் இதைச் செய்கிறாய் என்பதே அந்தக் கேள்வி.

இந்தச் சிக்கலை இந்திய மண்ணில் முதலில் வெளிப்படையாக எழுப்பியவர்களில் ஒருவர் ராஜா ராம்மோகன் ராய். 1820இல் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து அவர் ஒரு நூல் வெளியிட்டார். அற்புதங்களையும் கொள்கை விளக்கங்களையும் அதில் விட்டுவிட்டார். செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் கடுமையாக எதிர்த்தார். ராய் சொன்ன காரணம் எளியது: இதைவிடப் பெரிய அதிசயங்களைப் புராணங்களில் கேட்டு வளர்ந்த மக்களிடம் அற்புதக் கதைகள் எடுபடா, நெறியே எடுபடும். கடலையே குடித்த அகத்தியரைப் பொதிகையில் குடியேற்றி, அவர் கமண்டலத்திலிருந்து தாமிரபரணியை வரவழைத்த மண் இது. இங்கே ராயின் பேச்சில் உண்மை இருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அற்புதம் எடுபடாது என்பதற்காகக் கதையையே எடுத்துவிட்டால், இயேசு தம்மைப் பற்றி என்ன நினைத்தார் என்பதற்கான சாட்சியமும் கூடவே போய்விடும். ராயின் தவறு அங்கே இருக்கிறது.

வியப்பு மட்டும் போதாது என்பதற்குத் திருச்சபையின் வரலாறே சான்று. 4ஆம் நூற்றாண்டில் குமாரன் படைக்கப்பட்டவரே என்று வாதித்த ஆரியுஸும் அவரைச் சேர்ந்தவர்களும் சுவிசேஷ அற்புதங்களை மறுத்தவர்கள் அல்லர். 325இல் நைசியாவில் கூடிய ஆயர்கள் தீர்க்க வேண்டியிருந்தது, குமாரன் படைக்கப்பட்டவரா என்ற வேறு வழக்கு.

சுவிசேஷம் எழுந்த உலகத்தைப் பார்த்தாலும் இதே நிலைதான். கிரேக்க நாட்டு எபிடாரஸில் அஸ்கிளேப்பியஸ் கோயிலில் நோயாளிகள் படுத்துறங்கிக் குணம் தேடினார்கள். ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் அலெக்சாந்திரியாவில் ஒரு குருடனின் கண்ணில் உமிழ்நீர் தடவிக் குணமாக்கியதாக டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். யூதர்களிடையே கலிலேயாவைச் சேர்ந்த ஹனினா பென் தோசா என்ற பக்தர் இருந்தார். கமாலியேலின் மகன் காய்ச்சலில் கிடந்தபோது ஹனினா தூரத்திலிருந்தே ஜெபித்ததாகவும், அந்த நேரத்திலேயே காய்ச்சல் விட்டதாகவும் தல்மூது சொல்கிறது. யோவான் நான்காம் அதிகாரத்தில் வரும் ராஜாவின் அதிகாரியுடைய மகன் கதைக்கு இது மிக நெருங்கிய உறவு. கேசா வெர்மேஷ் என்ற யூத அறிஞர் 1973இல் இந்த ஒற்றுமைகளை அடுக்கி, இயேசுவை அக்காலக் கலிலேயப் பக்தர்களில் ஒருவராகவே பார்க்க வேண்டும் என்று வாதித்தார். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஹனினாவின் கதையைக் கொஞ்சம் கூர்ந்து படித்தால் ஒன்று கண்ணில் படும். நீர் தீர்க்கதரிசியா என்று கேட்டவர்களிடம் அவர், இல்லை, என் ஜெபம் தடையின்றி வாயில் ஓடினால் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான் என்கிறார். பெரியவர்கள் எல்லாரும் இப்படித்தான். மிரியாமுக்குத் தொழுநோய் கண்டபோது மோசே கடவுளை நோக்கிக் கதறினார். சாரிபாத் விதவையின் மகன்மேல் எலியா மூன்று முறை குப்புற விழுந்து மன்றாடினார். சூனேமியளின் மகனுக்காக எலிசா கதவை அடைத்துக்கொண்டு வேண்டினார். குமரகுருபரரின் பெற்றோரும் வேண்டியவர்கள்தான். கொடுப்பவர் வேறொருவர் என்பது இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது.

இயேசுவின் கதைகளில் அந்த வேண்டுதல் பெரும்பாலும் இல்லை. தொழுநோயாளியிடம் தமக்கு மனதுண்டு என்கிறார், நோய் போகிறது. யவீருவின் செத்த மகளைக் கையைப் பிடித்து எழுந்திரு என்கிறார். நாயீன் ஊர் வாசலில் பாடையைத் தொட்டு, தாம் சொல்வதாகவே சொல்லி வாலிபனை எழுப்புகிறார். விதிவிலக்குகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. செவிடும் திக்குவாயுமான ஒருவனைக் குணமாக்கும்போது வானத்தை அண்ணாந்து பெருமூச்சு விட்டார் என்கிறார் மாற்கு. லாசருவின் கல்லறையில் வாய்விட்டு ஜெபிக்கிறார். சுற்றி நிற்பவர்களுக்காகவே அப்படிச் செய்வதாகவும் சொல்கிறார். ஆனாலும் கதைகளின் பொதுவான ஓட்டம் கட்டளையின் ஓட்டம்.

இந்த வேறுபாட்டை நம் கடற்கரையிலேயே காட்டலாம். 1542 அக்டோபர் 28ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. வழியில் ஓர் ஊரில் ஒரு பெண் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். பிழைப்பாள் என்ற நம்பிக்கை போய்விட்டது. சவேரியார் அந்த வீட்டுக்குள் போய்க் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி, அவளுக்கு விசுவாசத்தை எடுத்துரைத்து, ஞானஸ்நானம் கொடுத்தார். அவள் பிள்ளை பெற்றாள். அந்த ஊர் காயல்பட்டினத்துக்குப் பக்கத்திலுள்ள கொம்புத்துறை என்று வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள். பிறகு 1544இல் எழுதிய கடிதத்தில், நோயாளிகள் வீட்டுக்கெல்லாம் தம்மால் போய்ச் சேர முடியாததால் பிள்ளைகளை அனுப்பி ஜெபம் சொல்லச் செய்ததாகவும், வீட்டாரின் விசுவாசத்தைப் பார்த்துக் கடவுள் பலருக்குச் சுகம் தந்ததாகவும் எழுதுகிறார். பரதவர் இதயத்தில் சவேரியார் இன்றும் எவ்வளவு பெரியவர் என்பது மணப்பாட்டுக் குகைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அவ்வளவு பெரியவரும் தம் பெயரால் ஒன்றும் செய்யவில்லை. எருசலேம் ஆலய வாசலில் முடவனை எழுப்பிய பேதுருவும், எங்கள் சொந்த வல்லமையால் இவன் நடந்தான் என்று நினைக்காதீர்கள் என்று கூட்டத்தைத் தடுத்தார். இயேசு அப்படித் தடுத்ததாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

இந்தக் கேள்வியின் மையம் மாற்கு இரண்டாம் அதிகாரம். கப்பர்நகூமில் ஒரு வீடு, நெரிசல், நாலு பேர் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு இறக்குகிறார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது கால்களுக்கு விடுதலை. இயேசு முதலில் சொன்னது அவன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்பதை. வேதபாரகர்கள் உள்ளத்தில் கொதித்தார்கள்: கடவுள் ஒருவர் தவிர யார் மன்னிக்க முடியும்? அவர்களுடைய இறையியலில் பிழையே இல்லை. எனக்குச் செய்த தீங்கை நான் மன்னிக்கலாம். உங்களுக்கு ஒருவன் செய்த தீங்கை, உங்களைக் கேட்காமல், நான் எப்படி மன்னிப்பது? எல்லாத் தீங்கும் இறுதியில் யாருக்கு எதிரானதோ அவர் மட்டுமே அதைச் செய்ய முடியும். இயேசு அவர்களுடைய அடிப்படையைத் திருத்தவில்லை. நான் கடவுளின் மன்னிப்பை அறிவிக்கத்தான் செய்தேன் என்று பின்வாங்கவும் இல்லை. பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் பூமியில் மனுஷகுமாரனுக்கு உண்டு என்று அவர்கள் அறியும்படியே கட்டிலை எடுத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார். கண்ணுக்குத் தெரியும் குணம், கண்ணுக்குத் தெரியாத மன்னிப்புக்குச் சாட்சியாக வைக்கப்படுகிறது. பாவங்களை மன்னிப்பதையும் நோய்களைக் குணமாக்குவதையும் ஒரே மூச்சில் கடவுளின் செயல்களாகப் போற்றும் 103ஆம் சங்கீதத்தை அறிந்த யூதர்கள் அவர்கள். அந்த வீட்டில் நடந்தது என்ன என்பது அவர்களுக்கு விளங்காமல் இருந்திருக்காது.

இதே கதையை மத்தேயு முடிக்கும் விதம் வேறு. மனிதருக்கு இப்படிப்பட்ட அதிகாரத்தைக் கொடுத்த கடவுளை மக்கள் மகிமைப்படுத்தினார்கள் என்கிறார். அதிகாரம் கொடுக்கப்பட்டது என்றால், கொடுத்தவர் வேறு, பெற்றவர் வேறு என்று வாதிக்க இங்கே இடமிருக்கிறது. இயேசுவைக் கடவுள் அடையாளங்களால் உறுதிப்படுத்திய மனிதர் என்று பேதுரு பெந்தெகொஸ்தே நாளில் பேசியதும், கடவுள் அவரோடு இருந்ததால் அவர் சுற்றித்திரிந்து குணமாக்கினார் என்று கொர்நேலியு வீட்டில் பேசியதும் அந்த வாதத்துக்கு வலுச் சேர்ப்பவை. பார்ட் எர்மன் 2014இல் எழுதிய நூலில், சீடர்கள் இயேசுவைப் படிப்படியாக உயர்த்தினார்கள் என்று சொல்வது இத்தகைய இடங்களைக் கொண்டுதான். லாரி ஹர்ட்டாடோ 2003இல் இதற்கு நேர்மாறான சான்றுகளைத் திரட்டினார். பவுலின் கடிதங்கள் எழுதப்பட்ட 50களிலேயே, அதாவது முதல் சுவிசேஷத்துக்கு முன்பே, ஒரே கடவுளை மட்டும் வணங்கும் யூதர்கள் இயேசுவை வழிபட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அவர் காட்டும் உண்மை. அந்த வழிபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கப்பர்நகூம் வீட்டில் நடந்தது போன்ற ஒரு நினைவு இல்லாமல் அதை விளக்குவது கடினம் என்பது என் துணிபு.

ஓய்வுநாள் வழக்கையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் கிடந்தவனை இயேசு ஓய்வுநாளில் எழுப்பினார். கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், தம் பிதா இதுவரை கிரியை செய்கிறார், தாமும் செய்கிறார் என்பது. ஓய்வுநாளிலும் பிள்ளைகள் பிறக்கிறார்கள், மனிதர்கள் சாகிறார்கள். ஆகவே உயிரும் தீர்ப்பும் கையில் உள்ள கடவுளுக்கு மட்டும் ஓய்வுநாள் இல்லை என்பது ரபிகள் ஒப்புக்கொண்ட கருத்து. அந்த ஒரே விலக்கைத் தமக்கும் உரியதாக இயேசு எடுத்துக்கொண்டார். தம்மைக் கடவுளுக்குச் சமமாக்குகிறார் என்று எதிராளிகள் புரிந்துகொண்டதாக யோவான் எழுதுகிறார்.

சிறையிலிருந்த யோவான் ஸ்நானகன், வருகிறவர் நீர்தானா என்று ஆளனுப்பிக் கேட்டபோது இயேசு ஆமென்றும் இல்லையென்றும் சொல்லவில்லை. குருடர் பார்ப்பதையும் முடவர் நடப்பதையும் போய்ச் சொல்லுங்கள் என்றார். ஏசாயா 35ஆம் அதிகாரத்தில் இதே பட்டியல் வருகிறது. அங்கே இந்தக் குணங்கள் எப்போது நடக்கும் என்றால், கடவுளே வந்து தம் மக்களை இரட்சிக்கும்போது. இயேசு தம்மைப் பற்றி நேராகப் பேசாத இடத்தில்தான் அதிகம் சொல்லிவிடுகிறார்.

யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் பிறவிக் குருடனுக்குக் கண் ஒரே நாளில் திறந்தது. இயேசு யார் என்பது அப்படித் திறக்கவில்லை. முதலில் இயேசு என்னும் மனிதர் என்கிறான். பரிசேயர் நெருக்கியதும் தீர்க்கதரிசி என்கிறான். பிறகு கடவுளிடமிருந்து வந்தவர் என்கிறான். ஜெப ஆலயத்திலிருந்து வெளியே தள்ளப்பட்ட பின் அவர் காலில் விழுகிறான். குமரகுருபரரும் சவேரியாரும் காயல்பட்டினத்து ஈசா நபியும் சந்திக்கும் நம் ஆற்றங்கரையில் இந்த அதிகாரத்தைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். முதல் படியிலோ இரண்டாம் படியிலோ நிற்கும் அண்டை வீட்டார்மேல் கோபப்பட அது இடம் கொடுக்காது.

இந்தக் கதைகள் உண்மையில் நடந்தவையா என்ற கேள்வியைச் சுருக்கமாகவே தொடுகிறேன். ஹியூம் 1748இல் அற்புதத்துக்கு எந்தச் சாட்சியும் போதாது என்றார்; ஸ்ட்ராஸ் 1835இல் இவை விசுவாசம் நெய்த புராணங்கள் என்றார். ஆனால் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் இயேசுவை வியத்தகு செயல்கள் செய்தவர் என்றே குறிப்பிடுகிறார். தல்மூதில் வரும் எதிர்ப்புக் குரலோ செயல்களை மறுக்காமல் அவற்றைச் சூனியம் என்கிறது. அமெரிக்கக் கத்தோலிக்க அறிஞர் ஜான் மெய்யர் 1994இல் கொடுத்த தீர்ப்பு நிதானமானது: இயேசு குணமாக்குகிறவர் என்று அவர் காலத்திலேயே அறியப்பட்டார் என்பது வரைக்கும் வரலாறு சொல்லும், அதைக் கடவுள் செய்தார் என்று சொல்வது விசுவாசத்தின் வேலை. அதற்குமேல் வரலாற்றாசிரியனை நெருக்குவது முறையில்லை.

தமிழர்கள் இந்தக் கேள்வியைத் தங்கள் சொற்களில் கேட்டிருக்கிறார்கள். கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1853இல் ஏரலை அடுத்த சாயர்புரத்துக்குத் தமிழாசிரியராக வந்தார். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்தது. பெருமாளின் அவதாரங்களைப் பாடிய மரபின் உணர்ச்சி அந்தக் காப்பியத்தில் கிறிஸ்துவை நோக்கித் திரும்பியிருக்கிறது. சென்னையில் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய வெங்கல் சக்கரை 1920களில் இயேசுவை அவதாரம் என்றே அழைத்து, வந்து மறையும் அவதாரமாக அல்லாமல் என்றும் மனிதராகவே நிலைத்திருக்கும் அவதாரம் என்று வேறுபடுத்தினார். பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து பின்னர் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி, இயேசுவுக்கும் பிதாவுக்கும் உள்ள ஒருமையைப் பொருளின் ஒருமையாகப் பார்க்காமல், அன்பிலும் சித்தத்திலும் உள்ள ஒருமையாகப் பார்த்தார். பக்தி மரபில் ஊறியவருக்கு அது இயல்பாக வந்த பதில். ஆனால் கப்பர்நகூம் வீட்டை அது விளக்கவில்லை. சித்தம் ஒன்றானால் பக்தன் மன்னிப்பை வேண்டிப் பெற்றுத் தருவான், தானே வழங்கமாட்டான். இந்த மூவரில் சக்கரையே சுவிசேஷத்துக்கு நெருக்கமாக நிற்கிறார் என்பது என் கருத்து.

இவ்வளவும் அதிகாரத்தைப் பற்றிய பேச்சு. அந்த அதிகாரம் என்ன செய்தது என்பதில்தான் எனக்கு இன்னும் பெரிய வியப்பு. சீரியத் தளபதி நாகமான் தொழுநோயோடு வந்தபோது எலிசா வெளியே வரவேயில்லை. ஆள் அனுப்பி யோர்தானில் ஏழுமுறை மூழ்கச் சொன்னார். மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு தொழுநோயாளியைத் தொட்டார். சொல்லே போதுமானவருக்குத் தொட வேண்டிய தேவை எதுவும் இல்லை. 12 ஆண்டுகள் உதிரப்போக்கால் தீட்டுக்காரியாக ஒதுங்கியிருந்த பெண் கூட்டத்தில் அவர் ஆடையைத் தொட்டபோது தீட்டு அவர்மேல் ஒட்டவில்லை. அவரிடமிருந்து சுகம் அவளுக்குப் போனது. தொட்டால் தீட்டு என்பது என்னவென்று திருநெல்வேலிச் சீமைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எட்டி நில் என்ற சொல்லைத் தலைமுறைகளாகக் கேட்டவர்கள் வாழ்ந்த மண்ணில், கடவுள் கை நீட்டித் தொட்டார் என்ற செய்தி எந்த நைசியா வாய்ப்பாட்டையும்விட ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்.

இறங்கியதற்குக் கண்கூடான தடயங்கள் உண்டு. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே என்றிக் என்றிக்கஸ் அடிகளார் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை நடத்தினார். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டுத் தமிழ் அச்சின் முன்னோடியானவரும் அவரே. நம் பகுதியிலுள்ள நாசரேத் ஊரில் 1870ஐ ஒட்டி மருத்துவரான மிஷனரி ஸ்ட்ராகன் தொடங்கிய மருத்துவப் பணியை, 1876இல் வந்து 1908இல் இறக்கும்வரை அங்கேயே உழைத்த மர்காஷிஸ் ஐயர் வளர்த்தார். அந்த மருத்துவமனைக்குத் தூய லூக்கா பெயர். பேய்க்குளத்தில் தொழுநோயாளருக்கென எழுந்த மருத்துவமனைக்கும் அதே பெயர். மரபு லூக்காவை வைத்தியர் என்கிறது. உதிரப்போக்குள்ள பெண் வைத்தியர்களிடம் சொத்தையெல்லாம் செலவழித்து இன்னும் மோசமானாள் என்று மாற்கு கடுமையாக எழுதியதை லூக்கா மென்மையாக்கிவிட்டார் என்பதும் வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுகமளிக்கும் கூட்டங்களின் சுவரொட்டி இல்லாத ஊர் இன்று நம் பக்கத்தில் இல்லை. ஜெபிப்பதில் குறையில்லை, நோயில் கிடப்பவருக்காக ஜெபிக்காத சபை சபையே இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்து என்று மேடையில் சொல்வதும், சுகமாகாதவரிடம் உனக்கு விசுவாசம் போதாது என்று பழி போடுவதும் சுவிசேஷத்தில் இல்லாதவை. தொழுநோயாளியை இயேசு ஆசாரியனிடம் காட்டச் சொல்லி அனுப்பினார். பலமுறை யாருக்கும் சொல்லாதே என்றார். தம் பெயரைப் பறைசாற்றக் கூட்டம் கூட்டவில்லை. பெதஸ்தா மண்டபங்களில் திரளாகக் கிடந்தவர்களில் எழுந்தவன் ஒருவனாகவே குறிக்கப்பட்டிருக்கிறான். லாசருவும் பிறகு ஒருநாள் செத்துத்தான் போயிருப்பான். பவுல் தம் மாம்சத்தின் முள்ளுக்காக மூன்று முறை வேண்டியும் அது எடுபடவில்லை. குணமாக்கல் எல்லாருக்கும் வழங்கப்பட்ட சரக்கு என்று சுவிசேஷம் சொல்லவில்லை. குணமாக்கியவர் யார் என்று சொல்லவே அந்தக் கதைகள் எழுதப்பட்டன. மேடையில் நிற்பவர் தம் பெயரைப் பெரிதாக எழுதும்போது, கொம்புத்துறையில் சவேரியார் காத்த எல்லையை அவர் தாண்டிவிடுகிறார்.

எனவே ஊழியக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளிக்காக ஜெபியுங்கள், ஜெபித்து முடித்ததும் அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். வாசகருக்கு, எந்த மதத்தவரானாலும், ஒன்றே ஒன்று: மாற்கு இரண்டாம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்களையும் யோவான் ஒன்பதாம் அதிகாரம் முழுவதையும் ஒரே நாளில் வாசியுங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. வேதபாரகர்கள் கேட்ட கேள்விக்கு உங்கள் பதில் என்ன என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.